நெஞ்சு கூட்டுகிற சத்தம்

குருவிக்கரட்டில் பாலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று சந்தேகப்படாத ஆளே கிடையாது, ஆனால் அந்தத் தண்ணீரிலும் வேறெதையாவது கலந்திருப்பானோ என்று சந்தேகப்பட்டவள் சீனியம்மா ஒருத்திதான். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் திருப்பிப் பார்ப்பாள், பூசாரி திருநீறு கொடுத்தால் மோந்து பார்ப்பாள், மழை பெய்தால் இது எந்த ஊருக்குப் பெய்யவேண்டிய மழையோ என்று யோசிப்பாள். அதனால் மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கோழி கூவுவதற்குச் சற்று முன்னால், சரக்கு சரக்கென்று யாரோ கூட்டுகிற சத்தம் கேட்டதும், அடுத்த வீட்டுப் பவுனுத்தாய் மதினிதான் தன் வாசல் குப்பையை இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறாள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமே இல்லாமல் சந்தேகப்படுவதுதான் அவள் வழக்கம்.

சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, கதவு கிறீச்சிடாமல் தூக்கித் திறந்து, கையும் களவுமாகப் பிடிக்கிற வேகத்தில் வாசலில் குதித்தாள். தெருவில் ஒரு நாய்தான் கிடந்தது. அதே நேரத்தில் அடுத்த வீட்டுக் கதவும் படாரென்று திறந்தது, பவுனுத்தாயும் அதே மாதிரி சேலையைச் செருகிக்கொண்டு குதித்தாள்.

"நீங்க கூட்டலையா மதினி?"

"நீதானே கூட்டுன?"

ரெண்டு பேரும் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் மட்டும் நிற்கவில்லை, ரெண்டு வீட்டுக்குள்ளேயிருந்தும் வந்துகொண்டிருந்தது. சீனியம்மா மறுபடி உள்ளே போய் அடுப்படி, குதிர் மூலை, கட்டிலுக்கு அடியில் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, கடைசியில் கட்டிலில் மல்லாக்கப் படுத்துக் கிடந்த புருஷன் வெயிலுமுத்துவின் பனியன்மேல் காதை வைத்தாள். சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது. நெஞ்சின் அடியிலிருந்து தொண்டைவரை, கீழிருந்து மேலாக, யாரோ பொறுப்பான பொம்பளை ஒருத்தி மூலை விடாமல் கூட்டிக்கொண்டு வந்தாள். குப்பை தொண்டைக்கு வந்து சேர்ந்ததும் வெயிலுமுத்து இருமினான், எழுந்தான், கொல்லைப்பக்கம் போய் நனைந்த சிமிட்டி மாதிரி ஒரு உருண்டையைத் துப்பினான், பல்பொடி எங்கே என்று கேட்டான்.

பொழுது விடிவதற்குள் ஊரில் உள்ள நூற்றுச் சொச்சம் வீட்டிலும் இதே கதை என்று தெரிந்துபோயிற்று. யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டுவிடவில்லை. ஊரை ஒட்டின கல்குன்றான கரடு நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டும் அதன் வயிற்றிலிருந்த கல்லெல்லாம் ஜல்லியாகி லாரியில் போய்க்கொண்டும் இருக்கிற ஊர் அது. அங்கே துவைத்துப் போட்ட வேட்டி காய்வதற்குள் பழுப்பாகும், வேப்பமரமே தும்முகிற மாதிரி இலையை உதறும், மத்தியான வெயில் மாவு சலித்ததுபோல வெள்ளையாக இறங்கும். அப்படிப்பட்ட ஊரில் நெஞ்சு தன்னைத்தானே கூட்டிக்கொள்வது நியாயமாகத்தான் பட்டது. இது யார் செய்த வேலை, இதனால் யாருக்கு லாபம் என்பதைத்தான் எல்லோரும் விசாரித்தார்கள்.

புதன்கிழமைதோறும் தடுப்பூசி போட வருகிற நர்சம்மா ஜெசிந்தா, நாலு பேர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அதைக் காதிலிருந்து கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது எல்லா மனுசருக்கும் இருக்குறதுதான். மூச்சுக்குழல் நெடுக கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கு. அதுக்கு மேல பசை மாதிரி சளி. உள்ள போற தூசி அந்தப் பசையில ஒட்டும், முடி அதை ராப்பகலா மேல தள்ளிட்டே இருக்கும். நமக்குத் தெரியாம முழுங்குவோம், இல்லாட்டித் துப்புவோம். உங்க ஊர்ல அது காதுல விழுது, அவ்வளவுதான்."

"ஏன் எங்க ஊர்ல மட்டும் விழணும்?" என்றாள் சீனியம்மா.

"அது எனக்குத் தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டு நர்சம்மா ஊசியை எடுத்தாள். தெரியாது என்று சொன்ன காரணத்தால் சீனியம்மா அவளை அரைவாசி நம்பினாள்.

ஊர் அந்தச் சத்தத்தோடு பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்லவேண்டும். விடியலில் கால்மணி நேரம் எல்லா நெஞ்சும் கூட்டும், அதைக் கேட்டுத்தான் அடுப்பு பற்றவைத்தார்கள், மாட்டை அவிழ்த்தார்கள். பீடி பிடிக்கிறவன் நெஞ்சு நாலு இழுப்புக்கு ஒரு இழுப்பு தப்பியது, அதனால் விட்டுவிட்டேன் என்று பெண்டாட்டி தலையிலடித்துச் சத்தியம் செய்தவனெல்லாம் மாட்டிக்கொண்டான். பெண் கொடுக்க வருகிறவர்கள் சாயங்காலம் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போகிற வழக்கத்தை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து சன்னலுக்கு வெளியே நின்று மாப்பிள்ளை நெஞ்சைக் கேட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நெஞ்சு மட்டும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லக் கேட்டது. அய்யோ பிள்ளைக்குத் தெம்பில்லை என்று தாய்மார்கள் மடியில் போட்டு வெல்லத்தை ஊட்டினார்கள்.

வெல்லம் ஏனென்றால், அது கரட்டடியில் கல் உடைக்கிற கிரஷர் வழக்கம். அங்கே வேலை முடிந்து வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் வாசல் கேட் பக்கத்தில் ஒரு தகர டப்பாவிலிருந்து எலுமிச்சங்காய் அளவு மண்டைவெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தூசியை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது கிரஷர் தொடங்கின நாளிலிருந்து இருக்கிற நம்பிக்கை. கல் அரைபடுகிற இடத்தில் தண்ணீர் தெளிக்கக் குழாய் கிடையாது, மூட ஒரு தகரம் கிடையாது, ஆனால் வெல்லம் ஒரு நாளும் தவறினதில்லை.

அந்த டப்பாவுக்குப் பொறுப்பான மேஸ்திரி செல்லப்பாண்டிதான் முதலில் அந்தக் கணக்கைப் போட்டவர். எவன் நெஞ்சு பலமாகக் கூட்டுகிறதோ அவன் பலமான ஆள் என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது, ஊரும் தலையாட்டிவிட்டது. திங்கட்கிழமைதோறும் விடியலில் மேஸ்திரி கம்பை ஊன்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து வீட்டுக்கு வீடு நின்று காது கொடுத்தார். பலமான நெஞ்சுக்காரனுக்கு ரெண்டு உருண்டை வெல்லமும் கிரஷர் வாயருகே வேலையும் கிடைத்தன. கல் உள்ளே விழுந்து புகையாகக் கிளம்புகிற இடம் அது, அங்கே நிற்க ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. கூட்டாத நெஞ்சுக்காரன் கேட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, அவன் சீக்கு அடுத்தவனுக்குத் தொத்தும் என்று ஒரு விதியும் போட்டார்கள். அதைச் சுவரில் பெயிண்டால் எழுதியும் வைத்தார்கள்.

அதோடு ஊருக்குள் சந்தேகம் புகுந்தது. விடியலில் வாசல் கூட்டுகிறவளைப் பார்த்தால், புருஷன் நெஞ்சு ஓய்ந்துபோனதை மறைக்கக் கூட்டுகிறாளோ என்று நாலு பேர் நின்று பார்த்தார்கள். எதுக்கு இந்த வம்பு என்று பொம்பளைகள் வாசல் கூட்டுவதை எட்டு மணிக்குத் தள்ளிப்போட்டார்கள், கோலமும் எட்டு மணிக்குப் போயிற்று. ஒருத்தர் வீட்டில் எத்தனை விளக்குமாறு இருக்கிறது என்பதை இன்னொருத்தர் தெரிந்துவைத்துக்கொண்டார்கள். புதிதாக விளக்குமாறு வாங்கினவள் அதைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்தாள்.

ஊரிலேயே பலமான நெஞ்சு ரெண்டு. ஒன்று பவுனுத்தாய் புருஷன் கோட்டைச்சாமியுடையது, இன்னொன்று வெயிலுமுத்துவுடையது. ரெண்டு வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வீடு, அதனால் விடியலில் அந்த மூலை தேர் புறப்படுகிற மாதிரி இருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட ஒருநாள் வேனில் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். வெயிலுமுத்து மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கிரஷர் வாயருகே நின்றான், சாயங்காலம் ரெண்டு உருண்டை வெல்லத்தில் ஒன்றைச் சீனியம்மாவுக்குக் கொண்டுவந்தான். சீனியம்மாவுக்குப் பெருமைதான், பெருமை இல்லாமலா. அந்தப் பெருமைக்குள்ளே ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டைக் கூட்டுகிறவள் அவள். புது விளக்குமாறு எப்படிக் கூட்டும், தேய்ந்தது எப்படிக் கூட்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புதுசுக்கு நுனி நீளம், தரையைத் தடவிக்கொண்டு போகும், பக்கத்தில் தூங்குகிறவன்கூட எழுந்திருக்கமாட்டான். தேயத் தேயத்தான் அது தரையைப் பிறாண்டும், கட்டையாகிப் போனால் தெருக்கோடிவரை கேட்கும், அழுத்தி அழுத்திக் கூட்டினாலும் மண் பாதி அங்கேயே கிடக்கும். பங்குனி மாதம் ஒரு விடியலில் புருஷன் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருந்தபோது, இது கட்டை விளக்குமாற்றுச் சத்தம் என்று அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. பிள்ளைகள் நெஞ்சு ஏன் கேட்கவே மாட்டேனென்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

"என்னங்க, இன்னைக்கு வேலைக்குப் போகாதீங்க."

"ஏன், பல்லி கத்துச்சா?"

"உங்க நெஞ்சு பலமாக் கூட்டலை. அவசரத்துல கூட்டுது. குப்பை சேந்துபோச்சு, வெளக்கமாறு கட்டையாயிருச்சு."

வெயிலுமுத்து சிரித்தான். "உனக்கு இடியாப்பத்துலயே சிக்கல் தெரியும். போனவாரம் சாமி சிலைக்குக் கண்ணு சரியா இருக்கான்னு கேட்டவதானே நீ." சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஊரிலே எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு வைத்ததில், உண்மையிலேயே சந்தேகப்படவேண்டிய ஒன்று வந்தபோது அவள் பேச்சுக்குக் காலணா மதிப்பில்லாமல் போயிற்று. அன்றைக்கு முழுக்க அவள் தன்மேலேயே கோபமாக இருந்தாள்.

நர்சம்மாவிடம் மட்டும் போய்ச் சொன்னாள். நர்சம்மா சிரிக்கவில்லை.

"சரியாத்தான் சொல்றீங்கக்கா. தூசி கொஞ்சம் கூடுனா முதல்ல அது வேகமாத்தான் தள்ளும். மேல மேல தூசி போய்க்கிட்டே இருந்தா சளி கெட்டியாகும், முடி சோர்ந்து போகும், அப்புறம் உதிரும். நெஞ்சோட அடித்தட்டுல கூட்டுறதுக்கே ஆள் கிடையாது. அங்க தூசியைத் தின்னுறதுக்குன்னு ஒண்ணு இருக்கு, நம்ம உடம்புலயே ஊறுறதுதான். கல்தூசியைத் தின்னா அதுவே செத்துப்போகும். செத்த இடம் தழும்பாகும்."

"வெல்லம்?"

"வெல்லம் வயித்துக்குத்தான் போகும், நெஞ்சுக்குள்ள போகாது."

"உதிர்ந்த முடி முளைக்குமா?"

"வேரு இருந்தா முளைக்கும். தூசி நிக்கணும், முதல்ல அது நிக்கணும்."

அடுத்த திங்கட்கிழமை கோட்டைச்சாமி நெஞ்சு ஓய்ந்தது. மேஸ்திரி வாசலில் நின்று காது கொடுத்தார், கம்பால் கதவைத் தட்டினார், மறுபடி காது கொடுத்தார், பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அத்தனை பலமான நெஞ்சு ஒரே நாளில் எப்படி ஓயும் என்று ஊர் கூடிப் பேசியது, களவுதான் என்று முடிவுக்கு வந்தது. யார் களவாண்டது என்பதற்கு ரொம்ப யோசிக்கவேண்டியிருக்கவில்லை. கோட்டைச்சாமி நெஞ்சு ஓய்ந்த அதே வாரத்தில் வெயிலுமுத்து நெஞ்சு முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது, நடுவில் இருப்பதோ ஒற்றைச் சுவர், பெண்டாட்டியோ கொஞ்ச நாளாக எல்லார் நெஞ்சையும் ஒட்டுக்கேட்டுத் திரிகிறவள்.

"எங்க ஆளோடதையும் சேத்து வச்சுத்தான் உன் புருஷன் கூட்டுறான்" என்றாள் பவுனுத்தாய். பதினாறு வருஷமாக ஒரே உரலில் மாவாட்டினவள் அவள்.

"அப்படியெல்லாம் எடுக்க முடியுமா மதினி?"

"முடியாதுன்னு நீ சொல்லாத. உலகத்துல எதுவும் நடக்கும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நீதான்."

பத்து பேர் வந்து சீனியம்மா வீட்டைச் சோதனை போட்டார்கள். குதிருக்குள் கையை விட்டார்கள், பரணில் ஏறினார்கள், அகப்பட்டது ஒரே ஒரு விளக்குமாறு, அதுவும் தேய்ந்து சாணளவுக்கு வந்தது. அதோடு விடாமல் வெயிலுமுத்துவை வெயிலைப் பார்க்க உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச்சும் அடித்துப் பார்த்தார்கள். உள்நாக்கு தெரிந்தது, வேறெதுவும் தெரியவில்லை. இருந்தாலும் சந்தேகம் தீர்ந்தபாடில்லை, ஆழத்தில் வைத்திருப்பான் என்றார்கள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாசலை எட்டிப் பார்த்தவள் அன்றைக்குத் தன் வாசலில் ஊரே நிற்பதைப் பார்த்து, தன்னைப் பற்றித் தனக்கே வெட்கப்பட்டாள்.

வியாழக்கிழமை அவள் விழித்தபோது ஒன்றும் கேட்கவில்லை. கோழி கூவியது, எங்கோ மாட்டுமணி அசைந்தது, பக்கத்தில் மல்லாக்கப் படுத்திருந்தவன் மூச்சு மட்டும் நனைந்த துணியைப் பிழிகிற மாதிரி வந்து போனது. அவள் காதை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். முதுகுப்பக்கம் புரட்டிப் போட்டு வைத்தாள். வெயிலுமுத்து கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான்.

"நேத்து ராத்திரியே நின்னுபோச்சு சீனி. உனக்குத் தெரியக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் அழுதாள், அவன் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. இருமல் வந்தது, ஆனால் வெறும் இருமல், எதையும் கொண்டுவரவில்லை. தூசி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, வெளியே தள்ள இனி ஆளில்லை என்பதை ரெண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமலே தெரிந்துகொண்டார்கள். திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

"நீ கூட்டு" என்றான் அவன். "கதவுக்குப் பின்னால உக்காந்து, அந்தக் கட்டை வெளக்கமாத்தால, கீழயிருந்து மேல கூட்டுற மாதிரி. மேஸ்திரி போறவரைக்கும்."

"அப்புறம் மறுபடி அந்த வாய்கிட்டப் போய் நிப்பீங்களா?"

"வேற எங்க போகச் சொல்ற? கோட்டைச்சாமி பாடு தெரியும்ல. ஊரே நம்மளத்தான் பாக்குது. இப்ப என் நெஞ்சும் ஓஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, களவுப் பொருளை எங்கயோ கடத்திட்டாங்கன்னு பேசுவாங்க."

வேலைக்கு அனுப்பினால் மூச்சு போகும், அனுப்பாவிட்டால் அடுப்பு அணையும், ஊரும் கைவிடும். சீனியம்மா மூன்று நாள் இதையே மாற்றி மாற்றி யோசித்தாள். யாரையாவது சந்தேகப்பட்டுத் திட்டினால் மனசு ஆறும் என்று பார்த்தால், சந்தேகப்பட ஆள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கட்டை விளக்குமாற்றை எடுத்துக் கதவோரம் வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்தது. தெருமுனையில் மேஸ்திரியின் கம்பு டொக்கு டொக்கென்று வந்தது. சீனியம்மா கதவுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து தரையைக் கூட்டினாள். கீழிருந்து மேலாக, நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு இழுப்பு விட்டு, அவன் நெஞ்சு எப்படிக் கூட்டுமோ அதே தாளத்தில் கூட்டினாள். கட்டிலில் அவன் அசையாமல் கிடந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திருட்டுத்தனம் செய்துகொண்டிருக்கிற அந்த நேரத்திலும் அவள் காது சும்மா இருக்கவில்லை, பழக்கதோஷத்தில் தெருவை மேய்ந்தது.

வலது பக்கத்து வீட்டிலிருந்து கூட்டுகிற சத்தம் வந்தது. அது ஈர்க்குமாறு, சாணி மெழுகின தரையில். நெஞ்சுக்குள்ளே சாணி மெழுகியிருக்காதே என்று அவள் கை ஒரு கணம் நின்று பிறகு ஓடியது. மூலை வீட்டிலிருந்து வந்தது பூவிளக்குமாறு, வழவழப்பான சிமிட்டித் தரையில். அதற்கடுத்த வீட்டில் கூட்டினவள் வலது கையால் கூட்டிக் களைத்து இடது கைக்கு மாற்றினாள், மாற்றுகிறபோது கண்ணாடி வளையல் குலுங்கியது. எதிர்வீட்டில், மூக்கம்மாள் வீட்டில் கேட்டதுதான் சீனியம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்தது. கயிறு தளர்ந்து ஒவ்வொரு இழுப்புக்கும் காம்பு கடகடவென்று ஆடுகிற அந்த விளக்குமாற்றை அவளுக்குத் தெரியும். அது தை மாதம் மூக்கம்மாள் இரவல் வாங்கிக்கொண்டு போய், கேட்டபோதெல்லாம் எலி கொண்டுபோய்விட்டது என்று சாதித்த அவளுடைய சொந்த விளக்குமாறு.

சீனியம்மா கூட்டுவதை நிறுத்தினாள். கட்டிலிலிருந்து வெயிலுமுத்து கூட்டு கூட்டு என்று கையை ஆட்டினான். வாசலில் கம்பு வந்து நின்றது.

"என்ன வெயிலுமுத்து, பாதியில நின்னுபோச்சு?" என்றார் மேஸ்திரி.

அவள் கதவைத் திறந்தாள், கையிலிருந்த விளக்குமாற்றை மறைக்கவில்லை. "நான்தான் கூட்டுனேன் மேஸ்திரி. அவருக்கு ஓஞ்சு நாலு நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மூக்கம்மா, என் வெளக்கமாத்தக் குடு."

உள்ளே கடகடவென்ற சத்தம் சட்டென்று நின்றது. ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. மூக்கம்மாள் கையில் அந்த விளக்குமாறு இருந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது. "ரெண்டு வாரமாச்சுக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வலது பக்கத்து வீட்டில் நின்றது, மூலை வீட்டில் நின்றது, மேலத்தெருவில் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போய்க் கீழத்தெருவிலும் நின்றது. கதவுகள் திறந்தன, ஒவ்வொரு கதவிலும் ஒருத்தி விளக்குமாற்றோடு நின்றாள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் ஊரை ஏமாற்றுகிறோம் என்று நினைத்து, அடுத்த வீட்டுச் சத்தத்தைக் கேட்டுப் பொறாமைப்பட்டுக்கொண்டு, வாரக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்து கூட்டியிருந்தாள். பவுனுத்தாயும் வெளியே வந்து வெறுங்கையோடு எல்லாரையும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சீனியம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

மாசிக்குப் பிறகு முதல் தடவையாக ஊர் அமைதியாக இருந்தது. இல்லை, ஒரே ஒரு சத்தம் மிச்சமிருந்தது. தெரு நடுவில் நின்ற மேஸ்திரியின் சட்டைக்குள்ளிருந்து, பிறாண்டுகிற மாதிரி, அவசர அவசரமாக அது வந்தது. அவர் சட்டைமேல் கையை வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கும் கட்டையாயிருச்சு மேஸ்திரி" என்றாள் சீனியம்மா. அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்தது.

விதி சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது, ஊர் அந்த விதியை மதித்தது. அன்றைக்கு ஆம்பளைகள் அத்தனை பேரும் குளித்து, சோற்றுத்தூக்கோடு கிரஷர் கேட்வரைக்கும் போய், எங்கள் நெஞ்சு கூட்டவில்லை, உள்ளே வந்தால் தொத்திவிடும் என்று சொல்லிக் கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே போக ஆளில்லாமல் மெஷின் வெறும் வாயை மென்றுகொண்டிருந்துவிட்டு பத்து மணிக்கு நின்றது. மறுநாள் விடியலில் முதலாளி வெளியூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் கொண்டுவந்தார். முன்பு ஒருநாள் சத்தம் கேட்க வந்தவர்களில் நாலு பேர் அந்த வேனில் இருந்தார்கள். அவர்கள் இறங்கி நின்று, ஊர் ஏன் இப்படி அமைதியாக இருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, வந்த வேனிலேயே திரும்பி ஏறிக்கொண்டார்கள். வெல்ல டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேஸ்திரியை எறும்புதான் சுற்றி வந்தது.

தண்ணீர்க் குழாய் வரவேண்டும், கல் அரைபடுகிற வாயைத் தகரம் போட்டு மூடவேண்டும், அதுவரைக்கும் நெஞ்சு கூட்டாது என்று பொம்பளைகள் சொல்லிவிட்டார்கள். முதலாளி சரி சரி என்று ஆள் மேல் ஆள் விட்டுப் பேசினார். சீனியம்மா வாய்ப்பேச்சை நம்பவில்லை. ஆறாவது வாரம் குழாய் வந்தபோது திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள், தகரம் வந்தபோது சுண்டிப் பார்த்து, இது மெல்லிசு, மாற்று என்றாள். முன்பெல்லாம் அவள் அப்படிப் பார்த்தால் சிரிப்பார்கள். இப்போது அவள் தலையாட்டுகிறவரைக்கும் மொத்த ஊரும் காத்துக்கொண்டு நின்றது.

அந்த வாரங்களில் வேப்பமரம் பச்சையானதைப் பிள்ளைகள் அதிசயமாகப் பார்த்தார்கள். வெயிலுமுத்து கொஞ்சம் கொஞ்சமாக நடந்தான், கிணற்றடிவரைக்கும், பிறகு கோயில்வரைக்கும். கோட்டைச்சாமி நடக்கவில்லை. ரெண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இறைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நர்சம்மா வாரம் ரெண்டு தடவை அவரைப் பார்க்க வந்தாள், பார்த்துவிட்டுப் போகும்போது பவுனுத்தாய் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடி மாதம் ஒரு விடியலில் சீனியம்மா விழித்துக்கொண்டாள். ஏதோ கேட்டது. கேட்டதா, கேட்கவில்லையா என்று சொல்லமுடியாத சத்தம், புது விளக்குமாற்றின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் போகிற மாதிரி. அவளுக்கு உடனே சந்தேகம் வந்தது. பவுனுத்தாய் மதினி இரக்கப்பட்டுச் சன்னலோரம் வந்து கூட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று சேலையைச் செருகிக்கொண்டு, கதவைத் தூக்கித் திறந்து, வாசலுக்கு ஓடினாள்.

பவுனுத்தாய் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒன்றுமில்லை. அவளும் ஓடித்தான் வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"கேட்டுச்சா?" என்றாள் பவுனுத்தாய். "உன் வீட்டுலயா, என் வீட்டுலயா?"

ரெண்டு பேரும் அவரவர் வீட்டுக்குள் ஓடினார்கள். சீனியம்மா கட்டிலோரம் மண்டிபோட்டு வெயிலுமுத்துவின் பனியன்மேல் காதை வைத்தாள். ஒரு இழுப்பு, நெஞ்சின் அடியிலிருந்து மேலாக, மெல்ல. நிறுத்தி, இன்னொரு இழுப்பு. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பவுனுத்தாய் குரல் வந்தது, யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்கிற மாதிரி தாழ்ந்த குரல்.

"சீனி, உன் வீட்டுலயா?"

சீனியம்மா காதை எடுக்காமல் சுவரைப் பார்த்தாள்.

"தெரியல மதினி" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுப் பாப்போம்."